ஹேமாவதி ஆம்னி விற்ற விதம்

"ஏறுங்கண்ணே, மூணு மூடைதான் இருக்கு, பாரம் பத்தாது" என்றபடி ஆம்னி வேனின் பின்கதவைத் திறக்கிறார் ஹேமாவதி. உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் என் தொண்ணூற்றிரண்டு கிலோவையும் திணித்துக்கொண்டு உட்காருகிறேன். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவம், இந்த வாரத்தில் எனக்கு இது நான்காவது மலையேற்றம். வண்டி வாங்க யார் வந்தாலும் கம்பத்துக் கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி அனுப்ப அவருக்கு மனசு வராது. பாரம் ஏற்றி, கம்பம்மெட்டு ரோட்டில் வளைவு வளைவாக ஏற்றிக் காட்டினால்தான் ஆச்சு. "வெறும் வண்டி தள்ளிவிட்டாக்கூட ஓடும். பாரத்தோட மேட்டுல ஏறுதான்னு பாருங்க" என்பார்.

நாற்பத்தாறு வயது. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. பழம் வெட்டினால் பெட்டிகளை அடுக்கித் தானே ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். செருப்பு போட்டு ஓட்டமாட்டார். வெறுங்காலில்தான் கிளட்சின் மனசு தெரியுமாம். வளைவுக்கு வளைவு ஹாரனை அடித்துவிட்டு, எதிரே வண்டி இருக்கிறதோ இல்லையோ, "வாரேன், வாரேன்" என்று வாயாலும் சொல்வார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்படிப்பட்ட வண்டியை ஏன் விற்கிறார்? தோட்டத்து ஆழ்துளைப் போரில் தண்ணீர் நின்றுபோனது. பந்தலில் காய் பட்டாணி அளவில் நிற்கிறது. பத்து நாள் தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் உதிர்ந்துவிடும். புதுப் போர் போடும் வண்டி வியாழக்கிழமை வருகிறது. அன்றைக்கு விட்டால் இருபது நாள் கழித்துத்தான். சுற்றுத் தோட்டங்களில் ஐந்நூற்றிருபது அடியிலும் தண்ணீர் வந்திருக்கிறது, அறுநூறிலும் வந்திருக்கிறது. அறுநூறு அடிக்குக் கூலி, குழாய் எல்லாம் சேர்த்துத் தொண்ணூறாயிரம். வீட்டில் விற்பதற்கென்று இருப்பது இந்த ஆம்னி ஒன்றுதான்.

முதலில் போனில் வண்டியின் படம் போட்டார். நாற்பது பேர் கூப்பிட்டு, நாற்பது பேரும் "கடைசி விலை என்ன?" என்று கேட்டதோடு சரி. அப்புறம் புரோக்கர் நல்லகண்ணு வந்தார். "ஏழாவது வளைவுல சூடேறுதுன்னு நீயா ஏன்த்தா சொல்ற? பைபாஸ்ல ஓட்டிக் காட்டு, நான் முடிச்சுத் தாரேன்" என்றார். "முடிச்சுத் தருவீகண்ணே. வாங்குனவன் பிள்ளைகுட்டியோட மலையில நின்னா, என்னையத்தான வைவான்?" என்று ஹேமாவதி டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

சொன்னபடியே, வந்த மூன்று பேருக்கும் ஏழாவது வளைவில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ஆம்னியில் எஞ்சின் சீட்டுக்கு அடியில்தானே, தொடை சுட்டவர்கள் இறங்கிப்போனார்கள். கணவர் கர்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அரிச்சந்திரனுக்குத் தங்கச்சியா வந்து வாச்சிருக்கா" என்று என்னிடம் முறையிட்டார். எனக்கும் எரிச்சல்தான். நாளை மறுநாள் வியாழன்.

நான்காவதாக வந்தவர் பண்ணைப்புரத்துப் பாண்டீஸ்வரன், காய்கறி வியாபாரி. அவரிடமும் முதல் வேலையாகச் சூடேறும் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஹேமாவதி சாவியைத் தந்தார். அன்றைக்கென்று மலையில் மேகம் இறங்கிக் குளிர்ந்து கிடந்தது. ஏழாவது வளைவு போயிற்று, பத்தாவது போயிற்று, மெட்டுக்கே வந்துவிட்டோம். முள் அசையவில்லை. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு சாமியைக் கும்பிட்டேன்.

"என்னக்கா, சும்மா பயமுறுத்துறீக! வண்டி கல்லு மாதிரி இருக்கு" என்று சிரித்தார் பாண்டீஸ்வரன். பேரம்கூடப் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முழுசாகத் தொண்ணூறாயிரத்தைக் கொடுத்தார். கர்ணன் முகத்தில் நான்கு நாளுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

ஹேமாவதி பணத்தை வாங்கி எண்ணினார். "இந்தா, உள்ள கொண்டுபோய் வையி" என்றார் கர்ணன். ஹேமாவதியோ பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை உருவிப் பாண்டீஸ்வரனின் சட்டைப் பையில் வைத்தார்.

"இன்னைக்கு மேகம் தம்பி, அதான் முள்ளு ஏறலை. வெயிலடிச்சா ஏறும். மொத ரேடியேட்டர மாத்திப்புட்டு மலைக்குப் போங்க."

"அய்யோ, வேணாம்க்கா..."

"பிடிங்க. இது வண்டிக்கு."

கர்ணன் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆம்னி தெரு திரும்பி மறைந்ததும் ஹேமாவதி போனை எடுத்துப் போர்க்காரரைக் கூப்பிட்டார். "அண்ணே, அறுநூறு வேணாம். ஐந்நூத்தம்பது அடியோட நிப்பாட்டிக்கங்க." பேசி முடித்தவர் முந்தானையை எடுத்து, முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.