ஓடாத லேத் மோட்டார்

தேசங்காவுக்குக் கோபம் வந்தால் மோட்டாரோடுதான் பேசுவாள். வேறு யாரோடு பேசுவது? பூனை காது கொடுத்துக் கேட்காது. புருஷன் வுகாஷின் ஜெர்மனியில் கட்டட வேலைக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. மோராவா ஆற்றங்கரை ஊர்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதி வீடுகளில் ஆம்பிளை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் வரும் குரல்தான்.

ஈஸ்டர் சமயத்தில் அந்தக் குரல் ஒரு வார்த்தை சொன்னது. கொட்டகையில் கிடக்கும் மரம் கடையும் லேத்தை ஓட்டிப் பார், அது ஓடினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், நாற்காலிக் கால் கடைந்தே பிழைத்துக்கொள்ளலாம் என்று. அவள் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியதோடு சரி, அசையவில்லை.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். ஞாயிறுதோறும் ஃபோனை மோட்டார் பக்கத்தில் பிடிப்பாள், அவன் முனகலைக் கேட்டு வைத்தியம் சொல்வான். பேரிங் போயிருக்கும் என்றான். கை முழுக்க கிரீஸும் காயமுமாகக் கழற்றிப் புதிது போட்டாள். காயில் கருகியிருக்கும் என்றான். பல்பு கட்டிய வயரை வைத்துச் சோதித்தாள். மூன்று காயிலுக்கும் பல்பு ஒரே மாதிரி எரிந்தது, மோட்டார் உடம்பில் வைத்தால் எரியவில்லை. அப்படியென்றால் காயில் நன்றாகத்தானே இருக்கிறது? இல்லை, ஈரம் கோத்திருக்கும், காய வை என்றான். அந்த இரும்புக் குண்டைத் தூக்கி வந்து, குளிரில் பிறந்த ஆட்டுக்குட்டியைப் போல அடுப்போரம் வைத்துப் பார்த்துக்கொண்டாள். புருஷனுக்குப் பதிலாக மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று ஊர்ப் பெண்கள் கிண்டலடித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்கு லேத்தும் வேண்டாம், நாற்காலிக் காலும் வேண்டாம். அவன் வேண்டும், அவ்வளவுதான்.

டிசம்பரில் புனித நிக்கோலா நாள் வந்தது. குலதெய்வம் மாதிரி அந்த வீட்டுக்குக் காவல் அவர்தான். அன்றைக்கு வீட்டு ஆம்பிளை ரொட்டியை வெட்டி, ஒயின் ஊற்றி, வந்தவர்களோடு பிட்டுத் தின்ன வேண்டும். அழைப்பெல்லாம் கிடையாது, வர வேண்டியவர்கள் வருவார்கள். ராடோயே வந்தார். இவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர். அந்த உறவு கூடப்பிறந்ததற்கும் ஒரு படி மேல். வுகாஷின் இடத்தில் நின்று அவரே ரொட்டியை வெட்டினார். தேசங்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீனும் பிளம் சாராயமும் உள்ளே போன பிறகு, மோட்டார் என்னதான் செய்கிறது என்று கேட்டுக் கொட்டகைக்கு வந்தார். லேத்தில் திரும்ப மாட்டியிருந்த மோட்டாருக்கு சுவிட்சைப் போடச் சொன்னார். முனகியது. கப்பியை உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினார், சுற்ற ஆரம்பித்தது. நிறுத்தச் சொல்லி, மறுபடி போட்டு, எதிர்ப்பக்கம் தள்ளினார். அந்தப் பக்கமும் சமர்த்தாகச் சுற்றியது.

தள்ளின பக்கமெல்லாம் போனால், மோட்டாருக்கு முதல் தள்ளு கொடுக்கும் கண்டென்சர் செத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று ஃபேஸ் மோட்டாரைக் கண்டென்சர் வைத்து வீட்டுக் கரண்டில் ஓட்டாத வீடு அந்த ஊரில் ஏது? ராடோயே தன் வீட்டுச் சோள மில்லில் இருந்ததைக் கழற்றி வந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் லேத் ஓடியது.

"இதைப் போய் இத்தனை மாசமா இழுத்திருக்கீங்களே, தங்கச்சி," என்றார் அவர். "தெருவுல நின்னே யார் வீட்டு மோட்டாருக்கு என்ன சீக்குன்னு சொல்றவனாச்சே வுகாஷின். முதல் தடவை கேட்டப்பவே அவனுக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். இருட்டுமுன் போக வேண்டும் என்று தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தேசங்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அவனுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பேரிங் என்றான், காயில் என்றான், ஈரம் என்றான். அங்கே ஒருத்தி இருக்கிறாளோ, வெறும் கையோடு திரும்ப வெட்கமோ, யார் கண்டார்கள்? பாவி, வர மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஃபோன் அடித்தது. கை தானாகப் போய் லேத்தை நிறுத்தியது.

"திருநாள் வாழ்த்து, தேசா. ரொட்டிய யாரு வெட்டினா?"

"ராடோயே அண்ணன்தான்."

"சரி... மோட்டார் என்ன சொல்லுது?"

ஓடுது, கிளம்பி வா என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அதை இவள் கேட்டாக வேண்டும். அதற்கப்புறம் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எதைப் பற்றி விசாரிப்பான்?

"அதே முனகல்தான்," என்றாள்.

அவன் மூச்சு விட்டது அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"விடு, அவசரமில்ல. மோட்டார் மேல இருக்கிற வயர்ப் பெட்டியத் திற, எந்த வயர் எங்க போகுதுன்னு ஒண்ணொண்ணா பாப்போம். நான் சொல்லச் சொல்ல செய்," என்றான். குரலில் அப்படி ஒரு கனிவு. கருப்பு, பழுப்பு, நீலம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போனான்.

தேசங்கா மரக்கட்டையில் உட்கார்ந்து, ஓடி நின்ற மோட்டாரின் சூட்டில் கையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லு," என்றாள், "கேட்டுட்டுதான் இருக்கேன்."