மருந்துப் புட்டியில் சவ்வரிசி

நாக்கில் வைத்ததும் சுருக்கென்று ஒரு சாராய நெடி. அது அடங்குவதற்குள் வாய் முழுக்கச் சர்க்கரை. இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த, சர்க்கரையைக் கண்ணால் காண்பதே அரிதாகிப்போன அந்நாட்களில், வெண்ணந்தூருக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் எட்டு வயதுப் பெண்ணாக இருந்த எனக்கு அந்த ஓமியோபதி உருண்டைகளைவிடப் பெரிய தின்பண்டம் கிடையாது. ஆனால் அவை அப்பாவின் சுருட்டுப் பழக்கத்தை நிறுத்துவதற்காக மாமா சேலத்திலிருந்து வாங்கி வந்தவை.

அப்பாவின் இருமல் அப்போதே மோசமாகியிருந்தது. தினம் காலையில் நாலு உருண்டையைக் கை படாமல் மூடியில் தட்டி வாயில் போட வேண்டும். சுருட்டு நினைப்பு வந்தால் அதிமதுரத் துண்டைக் கடிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டிலுமே நம்பிக்கையில்லை. "சக்கரை உருண்டையத் தின்னுபோட்டுச் சுருட்ட உடற ஆளா இவரு? அதிமதுரமெல்லாம் வாடைய மறைக்கறதுக்கு" என்பாள். சாயங்காலம் அப்பா வந்ததும், "புள்ள மூஞ்சில ஊதுங்க" என்று நிறுத்தி, என்னை மோந்து பார்த்துச் சொல்லச் சொல்வாள்.

வேவு பார்க்கிற உத்தியோகத்தில் இருந்த நானே திருடி. பத்து நாளில் புட்டி காலி. பயந்துபோய், பானையில் கிடந்த சவ்வரிசியில் பொடியானதாகப் பொறுக்கி நிரப்பி வைத்தேன். மறுநாள் அதை வாயில் போட்ட அப்பா சற்று மென்றார், புட்டியை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

சவ்வரிசிக்குச் சுருட்டு நிற்குமா? இப்போது அம்மாவைவிட எனக்குத்தான் சந்தேகம் அதிகம். கம்மஞ்சோறு கொண்டுபோகும் சாக்கில் நாலைந்து நாள் சோளக்காட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தேன். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் ஆட்கள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்ததும், அப்பா எழுந்து தள்ளிப்போய், வரப்பில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்து, அதிமதுரத்தை எடுத்துக் கடிப்பார். ஒருநாள்கூட அவர் புகைக்கவில்லை.

அந்த வாரமே அம்மாவின் கை பட்டுப் புட்டி கவிழ்ந்தது. சிதறியதில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள்.

"இது சவ்வரிசியாச்சே! மருந்தக் கொட்டிப்போட்டு என்னைய ஏமாத்திக்கிட்டிருக்கறீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"நாந்தான் மாத்துனேன். இப்ப என்னங்கற?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் அடி அப்படி.

அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் அப்பா சொன்ன எதையும் அம்மா நம்பவில்லை. பல வருடம் கழித்து அந்த இருமலிலேயே அவர் போனபோதும், "ஒளிச்சு ஒளிச்சு ஊதித்தான் போய்ச் சேர்ந்தாரு" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். கல்யாணமாகிக் கையில் குழந்தையோடு நின்ற நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். "செத்த மனுசனுக்காகப் பொய் சொல்லாத, அம்மிணி" என்றாள்.

இன்று தோட்டம் கைமாறிவிட்டது, கிணறு தூர்ந்துவிட்டது, கவலை ஓட்டியவர்களில் ஒருவரும் இல்லை. அப்பா சுருட்டை விட்டார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி நான் ஒருத்திதான்.