மிலேனா அம்மா விட்டுப்போன சொல்

மிலேனா அம்மா காலமான செய்தியைக் கொண்டுவந்தவள், எங்கள் மேச்சேரியில் ஆடு மேய்க்கும் பாவாயி.

"அம்மணி, காய்ச்சல்னு சேலத்துக்குப் போன நர்சம்மா போய்ச் சேந்துட்டாங்களாமுங்க. மருந்துக் கொட்டாயைப் பூட்டிப்போட்டாங்க. இனி நம்ம புள்ளைங்களுக்கு ஆருங்க?" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே இந்த அஞ்சலியை எழுதுவதென்று இருந்தேன். அதனால்தான் இந்தத் தாமதம்.

மிலேனா அம்மா யூகோஸ்லாவியாவின் மலைநாட்டில் பிறந்தவர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே மிஷன் நர்ஸாக இங்கு வந்தார்கள். நான் பி.ஏ. படித்தவள் என்று தமிழ் சொல்லித்தரக் கேட்டார்கள். 'பார்த்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்கிறாய்' என்று நான் விரித்துச் சொன்ன அன்று, "எங்கள் மொழியில் இதற்கு ஒன்று இருக்கிறது!" என்று துள்ளினார்கள். செர்போ குரோவேஷிய மொழியில் அது 'ச்சூவாத்தி'. ஆட்டை மேய்ப்பது, பிள்ளையைக் கவனிப்பது, நம்பிக் கொடுத்த பொருளைக் காப்பது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினைதானாம். நான் என்றால் ச்சூவாம். நீ ச்சூவாஷ், அவள் ச்சூவா. நாம் ச்சூவாமோ, நீங்கள் ச்சூவாத்தே, அவர்கள் ச்சூவாயு.

"ஏனுங்க, ஆட்டை முடுக்கற மாதிரியே இருக்குதுங்களே!" என்றாள், கேட்டுக்கொண்டிருந்த பாவாயி.

"எங்க ஊர் ஆடும் உன் பேச்சைக் கேக்கும், வர்றியா?" என்று சிரித்தார்கள்.

பின்பு என் மகனுக்கு மணல்வாரி அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை கட்டினோம். அதைத் தாண்டி வெளியார் வருவதில்லை, மிலேனா அம்மாவும் தாண்டவில்லை. மருந்துக் கொட்டகையிலிருந்து நாற்காலியைத் தூக்கிவந்து, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் போட்டு உட்கார்ந்தார்கள். காய்ச்சிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார்கள். மூச்சு இழுக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணயர்ந்தால் பிள்ளை போய்விடுவான் என்று நான் மடியைவிட்டு இறக்கவேயில்லை.

"நீ ச்சூவாம், நான் மட்டும் என்கிறே. தப்பு. ச்சூவாமோ, நாம் என்று சொல்லு. பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கோ, சாமி" என்றார்கள் ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

கொடுத்தேன். விழித்தபோது அவன் கஞ்சிக்கு அழுதுகொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே அவர்கள் முகமெல்லாம் கன்றிச் சிவந்து, அப்படியே இருந்தார்கள்.

பாவாயி வந்து சொன்ன பின், மிஷனுக்குப் போய் மருந்துக் கொட்டகைச் சாவியைக் கேட்டேன். வேறு நர்ஸ் வரும்வரை என்று கொடுத்தார்கள். ஊசி போட எனக்குத் தெரியாது. தண்ணீர் காய்ச்சவும், புண் கழுவவும், எந்தப் பிள்ளையை உடனே சேலத்துக்கு வண்டியேற்ற வேண்டும் என்று பார்க்கவும் அவர்களிடம் கற்றிருக்கிறேன். பயம் போய்விடவில்லை. பயத்தோடுதான் திறக்கப்போகிறேன்.

"நீங்க உள்ளார பாருங்க அம்மணி, உங்க பையனை நான் வெளிய பாத்துக்கறேன். ஆட்டோட ஆடா மேயட்டும்!" என்கிறாள் பாவாயி.

சந்தையன்று கதவு திறக்கும். அந்த நாற்காலியைத் துடைத்து, வரும் தாய்மார்கள் உட்கார நிழலில் போட்டிருக்கிறோம்.

நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள், மிலேனா அம்மா. ச்சூவாமோ.