அசீசாவின் கனவில் வந்த சிவப்பு பஸ்

பொகவந்தலாவை கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த அசீசாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. கணவர் மௌத்தாகி, அவள் விதவையாகி ஒன்பது வருடமாகிவிட்டது. ஒரே மகள் இஷ்ராவும் கல்யாணமாகி மாவனல்லைக்குப் போய்விட்டாள். தானும் தையல் மெஷினுமாக நிம்மதியாக இருந்தவளிடம் கினிகத்தேனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஜாக்கெட் தைக்கத் துணியை நீட்டினாள். அளவு எடுத்து முடிந்ததும் தன் தம்பி பைஸரைப் பற்றிப் பேச்செடுத்தாள்.

"இரும்புக் கடை வெச்சிருக்கான். பொஞ்சாதி மௌத்தாகி நாலு வருசம், பிள்ளைங்க இல்ல. கொஞ்சம் வழுக்க."

"வழுக்கய இப்பவே சொல்லணுமா?"

"தொப்பியக் கழட்டினா எப்படியும் தெரிஞ்சிருமே!"

அசீசாவுக்குச் சிரிப்பு வந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "இஸ்திகாரா தொழுதுட்டுச் சொல்றேன். ஒரு ஏழு நாள் தாங்க" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு, நல்ல முடிவைக் கேட்கும் அந்த இஸ்திகாரா தொழுகையை இரண்டு ரக்அத் தொழுதாள். தாளில் எழுதி வைத்திருந்த துஆவைப் பார்த்து ஓதினாள். அரபு முடிந்ததும் தமிழிலும் ஒரு தடவை கேட்டுக்கொள்வாள்: "யா அல்லாஹ், இது என் மார்க்கத்துக்கும் வாழ்க்கைக்கும் நல்லதுன்னா எனக்கு லேசாக்கித் தா. கெட்டதுன்னா என்னை விட்டு அதத் திருப்பு, அத விட்டு என்னையும் திருப்பு." பிறகு ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி, உள்ளங்கைகளில் ஊதி உடம்பில் தடவிக்கொண்டு, வலப்பக்கம் திரும்பிப் படுப்பாள். படுத்தால் விடிய பாங்கு சொல்லும் வரை ஒரே தூக்கம். இதற்குப் பதில் கனவில் வரும் என்று ஊரில் சொல்வார்கள்; அவளுக்கோ கனவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவள் செய்த ஒரே தவறு மீனம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதுதான். மீனம்மா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பதினைந்து வருடமாக இவளிடம்தான் ஜாக்கெட் தைக்கிறாள். அவளுக்குத் தெரிந்தது மறுநாள் அவள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்தது. அதற்கடுத்த நாள் கடைவீதிக்கும் தெரிந்துவிட்டது.

"டெய்லரம்மா, ராத்திரி என்னா வந்துச்சு?" என்று மரக்கறிக் கடைக்காரர் கேட்டார். மருந்துக் கடைப் பெண் கேட்டாள். வெள்ளையும் பச்சையும் கண்டால் நல்லது, சிவப்பும் கறுப்பும் கண்டால் ஆகாது என்று பக்கத்து வீட்டுக்காரி பட்டியலே கொடுத்தாள். மீனம்மாவுக்கோ பொறுமை போய்விட்டது.

"எங்க கோயில்ல ரெண்டு பூவப் பொட்டலம் கட்டிப் போட்டுப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம். அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும். ஒங்களுக்கு ஏழு நாளாங்க?"

ஆறாம் நாள் கனவு வந்தேவிட்டது. அசீசா கினிகத்தேனை கடைவீதியில் நிற்கிறாள். எதிரே ஒரு அரசாங்க பஸ் வருகிறது. சிவப்பு பஸ்.

கடைவீதி இரண்டாகப் பிரிந்தது. சிவப்பு என்பதால் ஆகாது என்றது ஒரு கட்சி. பஸ் என்றாலே புறப்படு என்றுதான் அர்த்தம் என்றது இன்னொரு கட்சி.

"பஸ்ஸு நின்னுச்சா, நிக்காமப் போயிருச்சா?" என்று மீனம்மா குறுக்கு விசாரணை செய்தாள்.

"அதுக்குள்ள முழிச்சிட்டேன்."

"இன்னுங் கொஞ்சம் தூங்குனா என்னங்க?"

அசீசா குழம்பிப்போய், பெண்களுக்குக் குர்ஆன் வகுப்பு எடுக்கும் ஆலிமாவுக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க ஓதுற துஆவுல கனவக் காட்டுன்னு எங்கயாவது இருக்கா? லேசாக்கித் தா, இல்லாட்டித் திருப்புன்னு தானே கேக்குறீங்க? கேட்டுட்டுப் படுத்தே கிடந்தா எது லேசாகும்? விசாரிங்க. ஒரு எட்டு எடுத்து வைங்க."

மறுநாளே கடையைப் பூட்டினாள். மீனம்மாவும் வேலைக்கு லீவு போட்டுக் கூடவே கிளம்பினாள். ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனையில் இறங்கி, யாரோ வாடிக்கையாளர்கள் மாதிரி இரும்புக் கடைக்குள் நுழைந்தார்கள்.

பைஸர் ஒரு சிங்களப் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் கதவுக்குப் புதுக் கீல் கேட்டார். பைஸர் பழையதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ஆட்டிக் காட்டி, இதுவே இன்னும் பத்து வருடம் போகும் என்று திருப்பிக் கொடுத்தார்.

"யாவாரம் தெரியாத மனுசன்" என்று மீனம்மா காதைக் கடித்தாள்.

அசீசாவுக்கு அந்த ஆட்டிக் காட்டிய கை பிடித்துப்போயிற்று. குரலைத் திடப்படுத்திக்கொண்டு, "ரெண்டு இஞ்ச் ஆணி கால் கிலோ" என்றாள்.

அவர் நிறுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, "நீங்க பொகவந்தலாவ டெய்லரம்மா தானே?" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"ஆணி வாங்க வாறவங்க அளவு டேப்பக் கழுத்துல போட்டுட்டு வரமாட்டாங்களே."

அசீசா கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து டேப் அங்கேதான் கிடந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் ஆளாளுக்குத் தன்னைப் பார்த்த காரணம் இப்போதுதான் விளங்கியது. மீனம்மா ஒரு வாளி அடுக்குக்குப் பின்னால் போய்ச் சிரித்தாள்.

வேறு வழியில்லாமல் பேச வேண்டியதாயிற்று. பைஸரும் ஏழு நாளும் ஓதியிருந்தார். "எனக்குக் கனவுல ஒண்ணும் காட்டப்படல்ல. நல்லாத் தூங்கினேன், அவ்வளவுதான்" என்று குற்றத்தை ஒப்புக்கொள்பவர் போலச் சொன்னார்.

"நான் தையல விட மாட்டேன். அத மொதல்ல சொல்லிட்டேன்" என்றாள் அசீசா.

"யாரு விடச் சொன்னா? முன்பக்கம் நல்ல வெளிச்சம். பெயின்ட் டின் எல்லாத்தையும் உள்ள தள்ளிட்டா மெஷின் போடலாம்." சொன்னதோடு நிற்காமல், அப்போதே இரண்டு டின்னைத் தூக்கி இடத்தைக் காட்டினார்.

ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த முடிச்சு அவிழ்ந்ததை அசீசா உணர்ந்தாள். நூலை இழுத்ததும் தையல் பிரிவது போல, அத்தனை லேசாக.

இஷ்ராவைக் கேட்டாள், மகள் போனிலேயே அழுது சிரித்துச் சம்மதித்தாள். அடுத்த மாதம் கினிகத்தேனையில் நிக்காஹ் நடந்தது. தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். எல்லோரும் போட்டிருந்தது அசீசா தைத்த ஜாக்கெட். மணப்பெண்ணே அவர்களுக்கு முந்தின நாள் வரை கொக்கி தைத்துக் கொடுத்திருந்தாள்.

இப்போது அந்தக் கடையில் ஒரு பக்கம் ஆணியும் பூட்டும், மறுபக்கம் ஜாக்கெட்டும் பாவாடையும். மாதம் ஒரு முறை மீனம்மா துணிப் பையோடு அவ்வளவு தூரம் வருகிறாள். கை இறுக்கமாக இருக்கிறது என்று சண்டை போடுகிறாள். சோறு சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிறாள்.