முட்டை வியாபாரி மகளின் கண்

கப்பல்களுக்கு முட்டை அனுப்புவதுதான் அப்பாவின் தொழில். தகர டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே பல்பை எரியவிட்டு, ஒவ்வொரு முட்டையாக அந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதை ஒதுக்கிவிடுவார். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் இந்த ஒரே கணக்கில்தான் அளந்தார், என் கண்ணையும் சேர்த்து.

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு லூபஸ் வந்தது. கன்னமெல்லாம் சிவந்து, மூட்டெல்லாம் வலி. உடம்பு தன்னையே எதிர்த்துக்கொள்கிற நோய் என்றார் டாக்டர். கண்ணுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களையும் அது தொடலாம், பார்வை மங்கும்வரை காத்திருக்கக் கூடாது என்று கண் டாக்டரிடம் அனுப்பினார். அப்பாவுக்கு இது வெட்டி வேலையாகப் பட்டது.

"துறைமுகத்துல நிக்க கப்பல் பேர மாடியில இருந்தே வாசிக்கா. இவ கண்ணுக்கு என்ன கொறச்சல்?"

கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, சின்ன விளக்கைக் கண்ணருகே கொண்டுவந்தார். நம்ம தொழில்தான் என்று அப்பாவுக்கு அவர்மேல் உடனே மரியாதை வந்துவிட்டது.

"ரத்தக்குழாயெல்லாம் தெளிவாத் தெரியுது," என்றார் டாக்டர்.

அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "நரம்பு தெரியுதா? அப்ப கெட்டுப் போச்சா டாக்டர்?"

நான் சிரித்துவிட்டேன். தலையை அசைக்காதே என்று டாக்டர் என்னை அதட்டினார். கண்ணில் அது தெரியத்தான் வேண்டும், மறைந்தால்தான் பயம் என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பா தலையாட்டினாரே தவிர நம்பவில்லை.

அடுத்த தடவை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பஞ்சுத் துணுக்கு மாதிரி வெள்ளையாக ஒன்று ஓரிடத்தில் குழாயை மறைக்கிறது என்றார். எனக்கோ எல்லாம் பளிச்சென்றுதான் தெரிந்தது. அதனாலேயே அதிகம் பயந்தேன். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, மறுபடி வரச் சொன்னார்.

அந்த நாட்களில் அப்பா முட்டை பார்க்கும்போது பக்கத்தில் போய் நின்று சீண்டுவேன்.

"என்னையும் ஒதுக்கிருவியளாப்பா?"

"சும்மா கெட, ஏளா," என்பார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

மறுபடி போனபோது அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"நரம்பு தெரியுதா டாக்டர்?"

"தெரியுது அண்ணாச்சி. அந்த வெள்ளையும் இல்ல."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ பாருங்க," என்றார். "ஒரு நரம்பும் கொறையலையே?"