தெள்ளம்மாவின் சுண்டுவிரல்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரைத் தெள்ளம்மா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடமாக ஜாடிகளில் நீர்த்தெள்ளு வளர்ப்பதுதான் அவர் வேலை. தெள்ளு என்றால் கடுகளவு உயிர். ஆலைக் கழிவுநீர் வந்தால் அதில் இருபதை எடுத்து விடுவார். மறுநாளும் நீந்தினால் தண்ணீர் தேவலை. அடியில் கிடந்தால் விஷம்.

"எல்லாம் பொம்பளைங்க. ஆம்பளை தயவே இல்லாம குட்டி போடுவாளுங்க. மாமியாரும் கிடையாது. கொடுத்துவச்சவளுங்க!" என்பார்.

அந்த அறைக்குள் எங்களை விடுவதற்கு அவர் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. சென்ட் கூடாது, நகப்பூச்சு கூடாது. அறிக்கை தட்டச்சு செய்கிற என்னையே தலையெண்ணெய் வாசனைக்காகத் துரத்தியிருக்கிறார். அவர் மட்டும் தினமும் காலையில் ஒவ்வொரு ஜாடியிலும் சுண்டுவிரலை விட்டுச் சூடு பார்ப்பார். வெப்பமானி சும்மா தொங்கும்.

போன மாதம் நல்ல தண்ணீர் ஜாடிகளிலேயே தெள்ளுகள் சாகத் தொடங்கின. மூன்று நாளில் பதினோரு ஜாடி காலி. தெள்ளம்மா சாப்பிடவே இல்லை. அதிகாரி அம்மா வந்து பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியணும். இல்லன்னா இந்தப் பிரிவை மூடிடுவேன். நீங்க ஃபைல் ரூமுக்குப் போயிடுங்க."

தெள்ளம்மா ஃபைல் ரூமில் யாரைக் கொஞ்சுவார்?

மிச்சமிருந்தது ஒரே ஒரு ஜாடி. அந்த வாரம் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் அவர் விரல் அதற்கு எட்டவில்லை. அதில் மட்டும் தெள்ளுகள் ஜாலியாகக் குதித்துக்கொண்டிருந்தன. அவர் ஜாடியைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் கையைக் கழுவி, அந்தத் தண்ணீரில் ஐந்து தெள்ளுகளை விட்டார். பைத்தியம் பிடித்தமாதிரி சுழன்றன. அரை மணியில் அசைவில்லை.

"என் வீட்டுக்காரர் வேலை! கொசு கடிக்குதேன்னு ஒருவகை வெள்ளைச் சாமந்திப் பூவை அரைச்சு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். நாலு நாளா பஸ் ஸ்டாப்பில பூசிக்கிறேன்."

"பூவுல செஞ்சதுதானேக்கா? அது எப்படிக் கொல்லும்?" என்றேன்.

"அப்ப கொசுவை என்ன, கொஞ்சியா அனுப்புச்சு? கடையில விக்கிற கொசுமருந்து பாதி, இந்தப் பூவோட சரக்கைப் பார்த்து ஆலையில செஞ்சதுதான். நம்ம உடம்பு இத்துனூண்டை உடைச்சு வெளிய தள்ளிடும். இவளுங்களால முடியாது. இதை ஊருக்கெல்லாம் சொல்றவ நான். பூன்னதும் புத்தி கெட்டுப்போச்சு!" தலையில் அடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

காற்று பம்ப் பழுது என்று எழுதிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று நான் மெல்ல ஓதினேன். என்னை முறைத்துவிட்டு, அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'என் கை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, எடுத்துக்கொண்டு போனார்.

அதிகாரி அம்மா இரண்டு தடவை படித்தார். "பம்ப் பழுது, அது இதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே?"

"நீங்க நம்புவீங்கம்மா. செத்தவளுங்களுக்கு வாய் இல்லையே. அவளுங்களுக்காகப் பேசத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கறீங்க?"

அதிகாரி அம்மா அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிறகு, புதிதாக எத்தனை ஜாடி வேண்டும் என்று கேட்டார்.