யூரியாவும் அம்மாவின் ஒரு படி அரிசியும்

சொம்புத் தண்ணீரில் இரண்டு பிடி யூரியாவைப் போட்டுக் கலக்கினால், கொளுத்துகிற மத்தியானத்திலும் விரல் விறைக்கச் சில்லிடும். அப்படிக் குளிர்கிற பொருளை நம்பக்கூடாது என்று எழுபதுகளில் உடையார்பாளையம் பக்கத்து எங்கள் ஊரே சொன்னது, சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு மூட்டை வாங்கியது.

அப்பா இறந்தபின் பெரியப்பா உழுதுகொண்டிருந்த எங்கள் பங்கு நிலத்தை அம்மா கேட்டு வாங்கி, ஊரார் "உப்பு" என்ற அந்த யூரியாவைப் போட்டு, முதல் வெள்ளாமை எடுத்த வருடம் அது. குலசாமிப் பொங்கலுக்குப் பங்காளி வீடு ஒவ்வொன்றும் தன் வயல் அரிசியில் ஒரு படி பொதுப்பானையில் போடவேண்டும். போட்டால் தனித் "தலைக்கட்டு", போடாவிட்டால் இன்னொருவரை ஒண்டிய குடும்பம். அம்மா தன் படியை மூன்று முறை புடைத்து வைத்திருந்தாள்.

அரியலூர்க் காலேஜில் வேதியியல் படித்த அக்காதான் கெடுத்தாள். பொங்கலுக்கு முதல்நாள் எங்கள் வீட்டில் இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பாவிடம், கிரேக்கத்தில் சிறுநீரைக் குறித்த சொல் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, யூரியா ஆன கதையை ஆசையாகச் சொல்லி முடித்தாள்.

"யாரோட மூத்திரம்?"

"அய்யோ பெரியப்பா, மொதல்ல அதுலேருந்து பிரிச்சாங்க, பேரு ஒட்டிக்கிச்சு. இப்ப பேக்டரில வாயுவுலேருந்து செய்யுறாங்க."

"மொதல்ல மூத்திரம், இப்ப வாயுவா? நல்லாருக்கு தாயி உம் படிப்பு! பேரு சும்மா வராது."

கதவோரம் நின்ற அம்மா, "கோமியம் தெளிச்ச வூட்லதான மாமா உக்காந்திருக்கீங்க" என்றாள்.

"அது மாடு. இது எந்தச் சீமைக்காரனோடதோ!"

மறுநாள் கோயிலில், மூத்திர உப்பில் விளைந்தது என்று சொல்லி, பெரியப்பா எங்கள் அரிசியைப் பானையருகே விடவில்லை. அவர் வயலுக்கும் அதே மூட்டை போனதை அக்கா சொன்னாள். "அது கரும்புக்குப் போட்டது" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. பங்காளிகள் அவரவர் படியைப் பானையில் கொட்டினார்கள்.

ஒண்டிய குடும்பத்துக்குத் தனி ஏர் எதற்கு என்று, அடுத்த நடவுக்குள் எங்கள் நிலம் அவர் ஏருக்கே திரும்பியது. அதில் அவர் இறைத்த முதல் உரம் யூரியா. அவர் மெய்யாகவே அருவருத்தாரா, ஒரு காரணத்துக்குக் காத்திருந்தாரா, எனக்கு இன்றும் சந்தேகம்தான். அக்கா அதன்பின் வீட்டில் எந்தச் சொல்லின் பிறப்பையும் சொன்னதில்லை.

அந்த வயல் இப்போது சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளம். குலசாமிப் பானையில் ஜெயங்கொண்டத்துக் கடை அரிசி வேகிறது. எவர் வயலில், எதைப் போட்டு விளைந்தது என்று கேட்பாரில்லை. போன வருடம் நானும் ஒரு படி அள்ளிப் போட்டேன். யாரும் தடுக்கவில்லை. பார்க்க அம்மா இல்லை.